சஹனில் சுற்றி வந்த குளிசை

மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை தில்லையடியில் ஒரு வலீமா விருந்து. பெரிய சோற்றுத் தட்டான சஹனைக் கொண்டுவந்து நடுவில் வைத்து மூடியைத் தூக்கியதும் நெய்யும் ஏலக்காயும் மாட்டிறைச்சியும் கலந்த அந்த மணம் முகத்தில் அடித்தது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் பாலாவியில் உப்பளம் வைத்திருக்கிற ஹாஜியார். உன் லொறியில்தான் எத்தனையோ வருஷம் உப்பு ஏற்றினார். பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைக்கும் முன் சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்தார். ஒன்றை உடைத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அதோடு விட்டாரா? அட்டையைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.

“எடுங்க, கொழுப்புக் குளிசை. இதப் போட்டுட்டுச் சாப்பிட்டா இறைச்சி ஒண்டும் செய்யாது.”

பக்கத்துக்காரர் ஒன்று எடுத்தார். அவருக்கு அடுத்தவரும் எடுத்தார். வட்டிலப்பம் சுற்றி வருவது போல அந்த அட்டை சுற்றி வந்து என் முன்னால் நின்றது. பாலாவிச் சந்தியில் பாமசி வைத்தே தலை நரைத்தவன் நான். என்னிடமே நீட்டுகிறார்கள்.

“இது உங்களுக்கு டொக்டர் எழுதித் தந்ததா ஹாஜியார்?” என்று கேட்டேன்.

“எனக்கில்ல, என்ட மச்சினனுக்கு. அவன் நிப்பாட்டிட்டான், ரிப்போட் நல்லா வந்திட்டு. மிச்சத்த வீணாக்காம நான் எடுத்து வச்சிருக்கன், கலியாண வீடுகளுக்கு.”

“இப்பிடிப் போடச் சொல்லி யாரு உங்களுக்குச் சொல்லித் தந்த?”

“யாரா? உங்கட கூட்டாளிதான்.” உன் பெயரைச் சொன்னார். “மர்ஹூம் எங்களோட சஹன்ல உக்காந்தா முதல்ல குளிசை, பிறகுதான் பிஸ்மி. நல்ல மனுசன். அல்லா அவருக்குச் சுவர்க்கத்தக் குடுக்கட்டும்.”

சுற்றி இருந்தவர்கள் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு அந்த அட்டையை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“என்ன இது, திருப்பித் தாங்க,” என்றார் ஹாஜியார்.

“தர மாட்டன். வேணுமெண்டா கடைக்கு வாங்க, கதைப்பம்.”

விருந்துக்கு வந்த இடத்தில் ஒருத்தருடைய பொருளைப் பிடுங்கிப் பைக்குள் போடுகிறவனை எவன் மதிப்பான்? யாரோ ஒருவர் சமாதானமாக, கொழுப்பு மின்னும் நெஞ்சுத் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு காலத்தில் அந்தத் துண்டு யார் தள்ளினாலும் உன் பக்கம்தான் வந்து நிற்கும். கோபத்தில் சாப்பிட்ட சோறு இன்னும் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிற மாதிரி இருக்கிறது.

நீ போய் மூன்று வருஷம் ஆகப் போகிறது. லொறியை விற்றாச்சு. நீ கட்டின வீட்டு மதிலுக்கு வேறு வர்ணம் அடித்தாச்சு. ஊர் உன்னை மறந்துதான் வருகிறது, அதுதான் உலகம். ஆனால் உன்னுடைய இந்தக் கண்டுபிடிப்பை மட்டும் ஒருத்தரும் மறக்கவில்லை. புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் சஹன் சஹனாக ஓடிக்கொண்டிருக்கிறது. கலியாண மாதம் வந்தால் என் கடைக்கு ஆள் வரும்: “நாளைக்கு வலீமா, ரெண்டு கொழுப்புக் குளிசை தாங்க.” டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் தர மாட்டேன் என்று விரட்டுவேன். என்னை முசுடு என்று திட்டிக்கொண்டு வேறு எங்கேயாவது போய்விடுவார்கள். இந்தக் கோபத்தை நான் யாரிடம் கொட்டுவது? உன்னிடம்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வியாழக்கிழமை உன் மகள் சுமையா தன்னுடைய ரத்த ரிப்போட்டோடு என் கடைக்கு வருவாள். ஓம், உன் மகளுக்கும் அதே கொழுப்புதான். சில மாதமாகக் குளிசை எடுக்கிறாள். எடுத்த பிறகு பார்க்கிற முதல் ரிப்போட் இது. மற்றவர்கள் ரிப்போட் கெட்டதாக வந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். எனக்கு நல்லதாக வந்துவிடுமோ என்று பயம். உனக்கும் நல்ல ரிப்போட்தானே வந்தது.

ஞாபகம் இருக்கிறதா, அந்தக் கிளினிக் நாள்? உப்பு மூட்டை ஏற்றும்போது நெஞ்சை அழுத்துகிறது என்றாய். நான் கடையை அடைத்துவிட்டு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அந்த லேடி டொக்டர் சிங்களத்தில்தான் கதைத்தார். கொழும்புக்கு லொறி ஓட்டி ஓட்டி என்னைவிட உனக்குத்தான் நல்ல சிங்களம். அவர் கேட்கிற கேள்விக்கு எல்லாம் நீ பகிடியாகவே பதில் சொன்னாய். உன் கண் இமை ஓரத்தில் மஞ்சளாய்த் தடித்திருந்ததைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பை விரலால் பிடித்துப் பார்த்தார். கயிறு முறுக்கின மாதிரித் தடிப்பாக இருந்தது.

எனக்கு அந்தத் தடிப்பு புதிது இல்லை. பள்ளிவாசல் ஹவுள் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒளு எடுத்துக் கால் கழுவும்போது எத்தனை தடவை பார்த்திருப்பேன். என்னடா இது என்று ஒரு தரம் கேட்டதற்கு, “கிளச் மிதிச்சு மிதிச்சு வந்தது மச்சான்,” என்றாய். கிளச்சுக்கு ஒரு கால்தானே, மற்றக் காலில் ஏன் என்றால், “அது பிரேக் மிதிச்சு வந்தது.” ஹவுளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. இது கொழுப்பு படிந்த தடிப்பு, குடும்பத்தில் இறங்கி வருகிற சாதி, உன் வாப்பா எப்படிப் போனார் என்று கேட்டார். உன் வாப்பா ஐம்பதைக் காணவில்லை. நெஞ்சில் வாயு பிடித்து மவுத்தானார் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நீயும் அதையே சொன்னாய். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். கொழுப்பு விஷம் இல்லை என்றார். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுவர் கட்ட அது வேண்டும். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற பித்தநீருக்கு வேண்டும். ஆணை ஆணாகவும் பெண்ணைப் பெண்ணாகவும் வைத்திருக்கிற சுரப்புகளுக்கும் அதுதான் மூலப்பொருள். அதில் பெரும்பங்கை நாங்கள் சாப்பிடுவதில்லை, எங்கள் ஈரலே செய்துகொள்கிறது. ரத்தத்தில் அது தனியாக ஓடாது, ஏற்றிக்கொண்டு போக வாகனம் வேண்டும். நீ லொறிக்காரன் என்று தெரிந்ததும் அவருக்கும் லேசாகிவிட்டது. ஒரு லொறி சரக்கை வெளியே கொண்டு போகிறது, இன்னொன்று மிச்சத்தைத் திருப்பி ஈரலுக்குக் கொண்டு வருகிறது. வெளியே போன லொறி வேலை முடிந்ததும் ஈரலுக்குள் போய்ச் சேர வேண்டும். உங்கள் குடும்பத்தில் ஈரலின் அந்தக் கதவு பிறவியிலேயே பாதி பூட்டு. லொறி எல்லாம் உள்ளே போக வழியில்லாமல் ரோட்டிலேயே நிற்கிறது. நின்று நின்று சரக்கு ரத்தக் குழாய்ச் சுவரில் படிகிறது. குளிசை செய்வது அந்தக் கதவைத் திறந்து வைப்பது. ஒவ்வொரு நாளும் திறக்க வேண்டும். ஒரு நாள் விருந்துக்காக அல்ல.

“அப்ப இறைச்சி சாப்பிடாட்டியும் எனக்கு இது வருமா?” என்று கேட்டாய்.

வரும் என்றார். சாப்பாட்டைக் குறைக்க வேண்டும்தான், சிகரெட்டை விட வேண்டும்தான், ஆனால் பத்தியத்தால் மட்டும் உனக்கு இது அடங்காது, மெலிந்த ஆளுக்கும் இருக்கும், வலி காட்டாது, பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும் என்று எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். நீ தலையை ஆட்டினாய். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் பிளேன்டீ குடிக்கும்போது, “நல்ல டொக்டர் மச்சான், லொறியப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு,” என்றாய். அவ்வளவுதான் உன் மண்டைக்குள் போனது.

சும்மா சொல்லக்கூடாது, முதல் சில மாதம் ஒழுங்காகத்தான் எடுத்தாய். பிறகு ரிப்போட் வந்தது. நல்ல ரிப்போட். கடைக்குள் நுழைந்ததும் அதை மேசையில் அடித்தாய். எடை பார்க்கிற மெஷினில் ஏறி நின்றுகொண்டு வந்து போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாய்.

“பாத்தியா அரை டொக்டர்? சுகமாயிட்டு. இனி என்னத்துக்குக் குளிசை?”

“டேய், குளிசை எடுத்ததாலதான்டா நல்லா வந்திருக்கு. விட்டா ஏறும்.”

“நீ குளிசை விக்கிறவன். உனக்கு அப்பிடித்தான் சொல்ல வரும்.”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் உன் பக்கம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் யாவாரம் என்று ஆகிவிட்டது. உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் பெண்சாதியிடம் சொன்னேன். ஜும்ஆ முடிந்து வரும் வழியில் சொன்னேன். நீ எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாய், கொழுப்பு என்பதே மருந்துக் கொம்பனிகள் கட்டின கதை என்று எவனோ ஒருவன் கோட் போட்டுக்கொண்டு கத்துகிறான். அவனுக்கு உன் குதிகால் தெரியுமா? உன் வாப்பாவைத் தெரியுமா?

மிச்சக் குளிசையை எறியவும் உனக்கு மனம் வரவில்லை. வீண்விரயம் பாவம் என்று விருந்துக்கு எடுத்துப் போகத் தொடங்கினாய். நெஞ்செரிவுக்குக் குளிசை போடுகிற மாதிரி, இறைச்சி இறங்குகிற இடத்திலேயே அது கொழுப்பைக் கரைத்துவிடும் என்று உன் கணக்கு. அதிலும் நீ தனியாகப் போட்டுக்கொண்டிருந்தால் உன்னோடு போயிருக்கும். சஹனில் உட்கார்ந்துவிட்டு ஒருத்தன் மட்டும் எதையும் வாயில் போடக்கூடாது, பக்கத்தில் இருக்கிறவனுக்கும் கொடுக்க வேண்டும், அதுதானே நாங்கள் பிடித்து வந்த மரியாதை. மோர் மிளகாய் என்றாலும் பகிர்ந்துதான் தின்போம். நீ குளிசையையும் பகிர்ந்தாய். சர்க்கரை வருத்தக்காரன், பிரஷர்காரன், ஒரு வருத்தமும் இல்லாதவன் எல்லோருக்கும் ஒரே அட்டை. உன்னுடைய நல்ல குணம்தான் மச்சான் எனக்கு இன்றைக்கும் பெரிய தலையிடி.

இதில் எனக்குத் தாங்க முடியாதது ஒன்று உண்டு. நீ அசட்டை ஆள் இல்லை. உன் லொறியை எடுத்துக்கொள். சுபஹு தொழுதுவிட்டு வந்து டயர் ஆறையும் தட்டிப் பார்ப்பாய். கீழே குனிந்து பிரேக் எண்ணெய்க் குழாயைத் தடவிப் பார்ப்பாய். சுமையா சின்னப் பிள்ளையாக இருந்தபோது டோர்ச் பிடிப்பது அவள் வேலை. பாரம் இல்லாமல் முந்தல் வரைக்கும் சும்மா போய் வருவதென்றாலும் பார்க்காமல் எடுக்க மாட்டாய். நேற்றுத்தானே பார்த்தாய், நல்லாத்தானே இருந்தது என்றால், “நல்லா இருக்கு எண்டு நினைக்கிற அண்டைக்குத்தான் பிரேக்கப் பாக்கோணும்,” என்பாய். அந்த வாயால்தான் ரிப்போட் நல்லா இருக்கு, குளிசை என்னத்துக்கு என்றாய். ஆறு சில்லு லொறிக்கு இருந்த புத்தி அதை ஓட்டுகிறவனுக்கு இல்லாமல் போனது எப்படி? எத்தனை தரம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

நீ போன விதத்தையும் ஊர் பெருமையாகத்தான் சொல்கிறது. உப்புப் பாரத்தோடு முந்தலைத் தாண்டிப் போகும்போது வந்திருக்கிறது. லொறியை ஒரு மர நிழலில் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறாய். பின்னால் வந்த றால் பண்ணை வேன்காரன்தான் சந்தேகப்பட்டு இறங்கிப் பார்த்தவன். ரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. ஜனாஸாவுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள். கடைசி நேரத்திலும் பிரேக் பிடித்த மனுசன், யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போனார், அல்லாஹ்வின் நாட்டம். நாட்டம் அவனுடையதுதான், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. லொறியில் ஏறிப் பிஸ்மி சொல்லும் முன் டயரைத் தட்டிப் பார்த்தவன் நீ. அப்போது மட்டும் அவனுடைய நாட்டம் இல்லையா? மையித்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை நான் யாரிடம் கேட்பது? உன் கால்மாட்டில் நின்றபடி கபன் துணிக்குள் இருக்கிற குதிகால்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் சுமையா கடைக்கு வந்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க. முன்பள்ளியில் படிப்பிக்கிறாள், தெரியும்தானே. உன்னைப் போலவே ஒல்லி. மருந்தை நான் எடுத்துக் கட்டுகிற நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினாள்.

“பாருங்க சாச்சா, ரெண்டு புள்ள பெத்தும் நான் கூடல்ல.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முதுகு காட்டி நின்றாள். குதிகாலுக்கு மேலே அதே கயிறு. இரண்டு காலிலும். மருந்துப் போத்தலை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

அன்றைக்கே சொன்னேன். ரத்தம் குத்திப் பார் மகள், வாப்பாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கலாம், டொக்டர் அப்போதே பிள்ளைகளுக்குப் பார்க்கச் சொன்னார் என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“வாப்பாக்குக் கொழுப்பு சுகமாயிட்டுத்தானே சாச்சா. எங்களுக்கு ரிப்போட்டெல்லாம் காட்டினாரே. அவர் மவுத்தானது ஹார்ட் அட்டாக்கில.”

அவளுக்கு அது வேறு, இது வேறு. நீ சொல்லிக் கொடுத்த பாடம் அப்படி.

“ரெண்டும் ஒண்டுதான் மகள். அந்தக் கொழுப்புத்தான் இந்த அட்டாக்.”

“எனக்கு எங்க கொழுப்பு? மெஷினப் பாருங்க. இறைச்சியே நான் சாப்பிடுறது கொஞ்சம். அது தடிச்ச ஆம்புளைகளுக்கு வாறது.”

“உன்ட வாப்பா தடிச்ச ஆளா?”

பிள்ளைக்குக் காய்ச்சல், போகணும் என்று போய்விட்டாள்.

அடுத்த தடவை வந்தபோதும் சொன்னேன். அதற்கு அடுத்த தடவையும் சொன்னேன். உன் பெண்சாதி எனக்கு ஆள் விட்டாள், இளம் பிள்ளைக்கு இல்லாத வருத்தத்தைச் சொல்லிப் பயப்படுத்த வேண்டாமாம். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன்.

“பிரேக் நல்லாப் பிடிக்குது எண்டு பிரேக்கயே கழட்டி வச்ச மனுசன் உன்ட வாப்பா. நீ பிரேக் இருக்கா எண்டு பாக்கவும் மாட்டன் எண்டுறாய். டோர்ச் பிடிச்ச புள்ளதானே நீ?”

அவள் முகம் சுருங்கியது. “மவுத்தான மனுசரக் குறை சொல்லாதீங்க சாச்சா,” என்று சொல்லிவிட்டு, வாங்கின சாமானையும் மேசையில் விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை. ரோட்டில் கண்டாலும் சலாம் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டு போய்விடுவாள். உன் குடும்பத்தோடு எனக்கு இருந்த ஒரே ஒட்டும் அறுந்தது என்று நினைத்தேன். உன் மேல்தான் கோபம் வந்தது. செத்த பிறகும் என்னைப் பகையாக்குகிறாய்.

ஒரு மாதம் போலக் கழிந்து ஒரு காலை. கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன். சுமையா வந்து நின்றாள். முழங்கைக்குள் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

“குத்திட்டு வாறன். வெறும் வயிறு. ஒரு விசுக்கோத்து இருந்தாத் தாங்க.”

ஏன் மனம் மாறினாய் என்று நான் கேட்கவில்லை, “டோர்ச் பிடிச்ச புள்ளதானே நான்” என்று அவளே சொன்னாள். ஒரு பக்கட் விசுக்கோத்தை உடைத்துக் கொடுத்தேன். கதிரையில் இருந்து, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தின்றாள். ரிப்போட் வந்தபோது அவள் கொழுப்பு நீ முதலில் பார்த்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்த லேடி டொக்டரே அவளையும் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னாராம், பார்த்துவிட்டு உன்னைப் பற்றிக் கேட்டாராம். இன்னொரு பிள்ளைக்கு எண்ணம் இருந்தால் முன்கூட்டியே வந்து சொல், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்தக் குளிசை கூடாது என்று சொல்லித்தான் தொடங்கினாராம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் வளர்ந்ததும் குத்திப் பார்க்க வேண்டுமாம்.

மாதா மாதம் என்னிடம்தான் வாங்குகிறாள். இப்போது முதல் தவணைக்கு ரத்தம் குத்திக் கொடுத்திருக்கிறாள். அதுதான் இந்த வியாழக்கிழமை. குளிசை நல்ல குளிசை, ஒழுங்காகவும் எடுத்திருக்கிறாள். ரிப்போட் நல்லாத்தான் வரும். அதன் பிறகு உன் ரத்தம் என்ன சொல்லும் என்பதுதான் எனக்குத் தெரியாது. இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

காலையிலிருந்து கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. அவளுக்குச் சொல்ல ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். லொறி, கதவு, பிரேக், உன் குதிகால், உன் வாப்பா எல்லாம் அதில் இருந்தது. வந்தவர்களுக்கு எல்லாம் எரிந்து விழுந்தேன். ஒருவர் இருமல் பாணி கேட்டார், தலையிடிக் குளிசையைக் கொடுத்திருக்கிறேன், திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். இதற்கிடையில் உப்பளத்து ஹாஜியாரும் வந்தார். தன் அட்டையைக் கேட்டார். முதலில் கிளினிக்குக்குப் போய் உங்கள் ரத்தத்தைக் காட்டுங்கள், பிறகு தருகிறேன் என்றேன். “அவர் இருந்திருந்தா இப்பிடிச் செய்ய மாட்டார்,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஓம் ஹாஜியார், அவர் இருந்திருந்தால் எவ்வளவு நல்லா இருக்கும்.

முன்பள்ளி விட்டு, வெயிலோடு சுமையா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மேசையில் ரிப்போட்டை வைத்தாள். நீ அடித்த அதே இடம்.

“நல்லா வந்திருக்கு சாச்சா!”

நான் பார்த்தேன். ஆரம்பத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தயார் பண்ணின பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் எடை மெஷினைப் பார்த்தாள். உன்னைப் போல ஏறப் போகிறாள் என்று நினைத்தேன். ஏறவில்லை. கைப்பையைத் திறந்து காலி அட்டையை எடுத்து ரிப்போட்டுக்கு மேலே வைத்தாள்.

“அப்ப குளிசை வேல செய்யுது. அடுத்த மாசத்துக்கும் தாங்க.”

நான் திரும்பி அலுமாரிப் பக்கம் போய்விட்டேன். குளிசை எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். ஆனாலும் கனநேரம் தேடிக்கொண்டு நின்றேன். “என்ன சாச்சா, முடிஞ்சிட்டா?” என்று கேட்டாள். இல்லை மகள், இருக்குது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அவள் போய்விட்டாள். ஹாஜியாரின் அட்டை இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நடக்கும்போது நெஞ்சில் சரசர என்கிறது. அவர் கிளினிக்குக்குப் போகும் வரைக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிவேன். விருந்து விருந்தாகப் போய் இன்னும் எத்தனை அட்டையைப் பிடுங்கி, எத்தனை பேரிடம் ஏச்சு வாங்க வேண்டுமோ. எல்லாம் நீ கட்டிவிட்டுப் போன வேலை.

உன் கபுறுக்கு வந்து யாசீன் ஓதிவிட்டு இதை நேரிலேயே சொல்லலாம் என்று நினைத்தேன். ஓதுகிற இடத்தில் சத்தம் போட்டுவிடுவேனோ என்று பயந்துதான் எழுதுகிறேன். உன் மகள் என்ன பெரிய காரியம் செய்துவிட்டாள்? நல்ல ரிப்போட்டைக் கொண்டுவந்து வைத்தாள், அடுத்த மாதக் குளிசையைக் கேட்டாள், வாங்கிக்கொண்டு போனாள். உன்னிடமும் நான் இதைத்தானேடா கேட்டேன்.